கத்தி படக்கூடாதுன்னு கேட்டேன்

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல எல்லாரும் முழங்கால் போட்டாங்க. நானும் போட்டேன். என்னால எந்திரிக்க முடியலை.

ஜெபம் முடிஞ்சு, கடைசிப் பாட்டு பாடி, பாயைச் சுருட்டற வரைக்கும் நான் அப்படியே இருந்தேன். எஸ்தரக்கா இன்னும் ஜெபத்துல இருக்காங்கன்னு நெனச்சு யாரும் கிட்ட வரலை. நான் ஜெபிக்கலைங்க. எப்படி எந்திரிக்கப் போறேன்னு பயந்துக்கினு இருந்தேன். கடைசியா பாஸ்டரம்மாதான் பார்த்துட்டு ஓடி வந்து, அக்குளுக்குக் கீழே கை குடுத்துத் தூக்கினாங்க. ரெண்டு முட்டியிலயும் நெருப்பு வெச்ச மாதிரி இருந்துச்சு.

என்னை இங்க நிறைய பேருக்குத் தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நான் எஸ்தர். கோட்டைக்குப்பம். எங்க வூட்டுக்காரரு தாசன், ஏரியிலயும் கடல்லயும் தொழில் பண்றவரு. நான் காலையில பழவேற்காட்டு ஏலத்துல எறாலு, நண்டு, மடவைன்னு எடுத்து, அன்னக்கூடையில வெச்சுக்கினு, உள்ளே நெல்லு வெளையற ஊருங்களுக்குப் போயி வூடு வூடா விப்பேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதுதான் வேலை. தலையில சுமை, ஈரத்துல காலு. வாங்கறவங்க வாசல்ல குந்தி உக்காந்து மீன் ஆஞ்சு குடுக்கணும், மறுபடியும் எந்திரிக்கணும். எத்தனை ஆயிரம் தடவை குந்தியிருப்பேனோ, அந்த முட்டிக்குத்தான் தெரியும்.

மொதல்ல படி ஏறும்போது வலிச்சுது. அப்புறம் எறங்கும்போதும். அப்புறம் சும்மா படுத்திருந்தாலே வலி. தைலம் தேய்ச்சேன். மாத்திரை போட்டு வயிறு புண்ணாச்சு. பஸ்ஸுல ஏறணும்னா கண்டக்டரு கை குடுக்கணும். இந்தக் காலை வெச்சுக்கினு வியாபாரம் பண்ண முடியாதுன்னு ஆனப்ப, பொண்ணு பிரிசில்லாதான் என்னைச் சென்னையில பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போச்சு. அவளை பொன்னேரியில குடுத்திருக்கோம்.

அங்க எலும்பு டாக்டரம்மா ஒருத்தங்க. படம் எடுத்து வெளிச்சத்துல மாட்டிக் காட்டினாங்க.

"இங்க பாருங்கம்மா. ரெண்டு எலும்புக்கும் நடுவுல குருத்தெலும்புன்னு மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கணும். உங்களுக்கு அது சுத்தமா தேஞ்சு போச்சு. எலும்பும் எலும்பும் உரசுது. மூட்டு மாத்தற ஆபரேஷன்தான் வழி."

"மாத்தறதுன்னா, காலை வெட்டுவீங்களாம்மா?"

"காலை ஏன் வெட்டறோம்? தேஞ்ச முனையை மட்டும் சீவி எடுத்துட்டு, மேல உலோகத்துல மூடி மாதிரி போடுவோம்."

அவங்க பொறுமையா ஒரு காயிதத்துல வரைஞ்சுகூட காட்டினாங்க. எனக்கு 'சீவி எடுத்துட்டு'ங்கற வார்த்தை மட்டும்தான் காதுல விழுந்துச்சு. நான் தெனமும் மீன் சீவறவ. சீவறதுன்னா இன்னான்னு எனக்குத் தெரியும்.

இதுல இன்னொண்ணும் இருக்கு. அதைச் சொல்லாம என் பயம் உங்களுக்குப் புரியாது.

எனக்குப் பத்துப் பன்னெண்டு வயசு இருக்கும். எங்க நைனா முகத்துவாரத்தாண்ட வலை இழுக்கும்போது காலுல திருக்கை முள்ளு ஏறிடுச்சு. பச்சிலை கட்டினாங்க, மஞ்சள் வெச்சாங்க. காலு வீங்கிக் கறுத்துப் போச்சு. அப்புறம் பட்டணத்துக்குத் தூக்கினாங்க. போகும்போது என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் கீறி சீழை எடுப்பாங்களாம்டி, ஞாயித்துக்கெழமை வந்துடுவேன்"னு சொன்னாரு. எந்த ஞாயித்துக்கெழமைன்னு சொல்லலை. ரொம்ப நாள் கழிச்சு ஒரு மாட்டு வண்டியில வந்தாரு. போர்வையைப் போத்திக்கினு உக்காந்திருந்தாரு. நான் ஓடிப் போயி மடியில ஏறினேன். ஒரு பக்கம் மடி இல்லை.

அதுக்கப்புறம் அவரு ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பினதே இல்லை. சில வருஷத்துல போய்ட்டாரு. 'கொஞ்சம் கீறுவாங்க'ன்னு ஆஸ்பத்திரியில யாரு சொன்னாலும், எனக்கு அந்த மாட்டு வண்டிதான் தெரியும்.

அதனால அன்னிக்கி டாக்டரம்மாகிட்ட யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வூட்டுக்கு வந்து ஒரே ஜெபம். "ஆண்டவரே, என் காலுல கத்தி படக்கூடாது. நீ வேற வழி காட்டு." காலையில அதே ஜெபம், கூடையைத் தூக்கும்போது அதே ஜெபம். சபையில எல்லாரையும் அதே வார்த்தையில ஜெபிக்கச் சொன்னேன். நீங்களும் ஜெபிச்சீங்க.

அப்பதான் எங்க மாப்பிள்ளை போன்ல ஒரு வீடியோ காட்டினாரு. அவரு துறைமுகத்துக்கு லாரி ஓட்டறவரு. கூட வேலை செய்யறவங்க யாரோ அனுப்பியிருக்காங்க. ஸ்டெம் செல்லுன்னு ஒரு வைத்தியம். நம்ம இடுப்பெலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜையை ஊசியில எடுத்து, அதுல இருக்கற விதை மாதிரி அணுக்களைப் பிரிச்சு, முட்டிக்குள்ள ஊசி போடுவாங்களாம். தேஞ்ச குருத்தெலும்பு தானா வளந்துடுமாம். கடைசியில ஒரு பாட்டி படியில மடமடன்னு ஏறிப் போறாங்க. 'கத்தியின்றி'ன்னு பெரிய எழுத்துல வந்துச்சு.

எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. நான் கேட்ட அதே வார்த்தை! ஆண்டவரே எழுதி அனுப்பிட்டாருன்னு நெனச்சேன்.

பிரிசி மட்டும் ஒத்துக்கலை. "எம்மா, மொதல்ல அந்த டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேப்போம்"னு மறுபடியும் கூட்டிக்கினு போச்சு. அவங்க திட்டலை. இப்படிச் சொன்னாங்க: "இது இன்னும் ஆராய்ச்சியில இருக்கற வைத்தியம்மா. சில பேருக்குக் கொஞ்ச காலம் வலி குறையுதுன்னு சொல்றாங்க. தேஞ்ச குருத்தெலும்பு திரும்ப வளந்துடும்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாது. அதுவும் உங்க முட்டி இருக்கற நிலைமைக்கு நான் பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன். ஊசிதானேன்னு நெனைக்காதீங்க. மூட்டுக்குள்ள போற ஊசியில கிருமி போனா ரொம்ப ஆபத்து."

இவ்வளவும் சொன்னாங்க. எனக்கு 'வலி குறையுது'ங்கறது மட்டும் காதுல நின்னுச்சு. பயந்தவளுக்குக் காது சின்னதாயிடும் போல.

அந்தச் சிகிச்சை குடுக்கற எடம் எதுன்னு நான் சொல்லப் போறதில்லை. சென்னையில ஒரு எடம். உள்ளே போனா ஜில்லுன்னு இருந்துச்சு. அங்க இருந்த டாக்டரு சிரிச்ச முகம். "கத்தி கிடையாது, தையல் கிடையாது. உங்க ஒடம்பே உங்களுக்கு மருந்து. சாயந்தரமே வூட்டுக்குப் போயிடலாம்"னாரு. என் படத்தை அவரு ரொம்ப நேரம் பார்க்கலை. பிரிசி ஏதோ கேட்டா. அதுக்கும் சிரிச்சாரு.

குப்புறப் படுக்க வெச்சு இடுப்புக்குப் பின்னாடி மரத்துப் போற ஊசி போட்டாங்க. தோலுதான் மரத்துச்சு. உள்ளே எலும்புல ஊசி எறங்கினப்ப யாரோ திருகாணி முறுக்கற மாதிரி இருந்துச்சு. அப்புறம் அவங்க இழுத்தாங்க பாருங்க, என் உசிரையே உறிஞ்சற மாதிரி. நான் மேசையோட விளிம்பைப் புடிச்சுக்கினு "ஏசப்பா ஏசப்பா"ன்னு கத்திட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு வலது முட்டியில ஊசி போட்டாங்க. அது சரியானப்புறம் இடதுக்கு வரலாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

மொதல் ரெண்டு மூணு நாள் வலி. அப்புறம் நெசமாவே கொறஞ்சுது. பொய் சொல்லக் கூடாது, கொறஞ்சுது. வூட்டுக்குள்ள கம்பு இல்லாம நடந்தேன். அந்த ஞாயித்துக்கெழமை இதே சபையில நின்னு, "கத்தி படாம கர்த்தர் சொகம் குடுத்தாரு"ன்னு சாட்சி சொன்னேன். நீங்க எல்லாரும் கை தட்டுனீங்க. எனக்குச் சந்தோஷத்துல அழுகையே வந்துடுச்சு.

அந்த வாரமே காய்ச்சல் வந்துச்சு.

ஐப்பசி மழை. கடல்ல புயல் சின்னம்னு சொல்லி ஒரு படகும் போகலை. குளிருலதான் ஒடம்பு நடுங்குதுன்னு நெனச்சேன். ரெண்டு போர்வை போத்தியும் நடுக்கம் நிக்கலை. சாயந்தரம் பார்த்தா வலது முட்டி இளநி அளவுக்கு வீங்கிக் கெடக்கு. தோலு பளபளன்னு செவந்து போச்சு. பொடவை மேல பட்டாலே உசிரு போவுது.

மாப்பிள்ளை அந்த எடத்துக்குப் போன் பண்ணாரு. "அது உள்ளே வேலை செய்யுது, அதான் சூடு. ஐஸ் வைங்க"ன்னாங்க. மறுநாளும் பண்ணாரு. டாக்டரு வெளியூருன்னாங்க. அதுக்கப்புறம் போனையே எடுக்கலை.

அந்த ரெண்டு நாளும் நான் இருந்த பயத்தை எப்படிச் சொல்றது? காலைப் போர்வைக்குள்ளயே வெச்சுக்கினேன். எங்க வூட்டுக்காரரு கேட்டா, "கொஞ்சம் வீக்கம், எறங்கிடும்"னேன். அவரு போர்வையை எடுக்க வந்தா கத்தினேன். எனக்குத் தெரியும், காட்டினா ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரின்னா கத்தி. நைனாவுக்கும் இப்படித்தானே வீங்கிச்சு. கண்ணை மூடினா அந்த வண்டி வருது, போர்வை வருது. ஜெபிக்கலாம்னு வாயைத் தொறந்தா, "கத்தி படக்கூடாது, கத்தி படக்கூடாது"ன்னு அதுதான் வருது. வேற வார்த்தையே வரலை. ஆண்டவருகிட்ட பேசற மாதிரியே இல்லை. ஒரு மூடின கதவைத் தட்டற மாதிரி இருந்துச்சு.

மூணாம் நாள் காலையில, கொட்டற மழையில, பாஸ்டரம்மா வந்தாங்க. சபைக்கு வரலையேன்னு பார்க்க வந்தவங்க. என் பக்கத்துல உக்காந்து, "ஜெபிக்கலாங்க்கா"ன்னு சொல்லி, போர்வைக்குள்ள கையை விட்டு முட்டி மேல வெச்சாங்க. வெச்ச கையை வெடுக்குன்னு எடுத்துட்டாங்க. அடுப்புல பட்ட மாதிரி. போர்வையை இழுத்துப் பார்த்தாங்க. அவங்க மொகம் மாறிப்போச்சு.

"எஸ்தரக்கா, எந்திரிங்க. ஜெபத்தை வண்டியில பண்ணிக்கலாம்."

"நான் வரலைம்மா. காலை எடுத்துடுவாங்க."

"இங்கயே இருந்தா உங்களையே எடுத்துடும்க்கா. அண்ணே! இங்க வாங்க!"

எங்க வூட்டுக்காரரு வந்து பார்த்தாரு. வாசல்ல எறங்கி ஓடினாரு. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணா, வழியில மரம் விழுந்து கெடக்கு, நேரமாவும்னாங்க. அப்ப, மீனுக்கு ஐஸ் கொண்டு வர்ற யூசுப் பாய், குப்பத்துல நிறுத்தியிருந்த அவரோட வண்டிக்குத் தார்ப்பாய் கட்ட வந்திருந்தாரு. படகு போகாத நாளுல அவருக்கு நம்ம குப்பத்துல வேலையே கெடையாது. தார்ப்பாய் காத்துல அவுந்து அடிக்குதுன்னு யாரோ சொல்லி, அதுக்காக வந்தவரு. நான் படுத்திருந்த பாயோட என்னை நாலு பேரு தூக்கிக்கினு வர்றதைப் பார்த்ததும், "இன்னாச்சு அக்காவுக்கு? ஏத்துங்க, ஏத்துங்க"ன்னு கதவைத் தொறந்துட்டாரு.

ரோட்டு மேல தண்ணி ஓடுது. ஒரு எடத்துல இன்ஜின் எரும மாதிரி கத்திச்சு. "பாய், நின்னுடுமா?"ன்னு எங்க வூட்டுக்காரரு கேட்டாரு. "நின்னா எறங்கித் தள்ளலாம் தாசண்ணே, இன்னா இப்ப"ன்னாரு. நிக்கலை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் அலறினேன். பாஸ்டரம்மா என் தலையை மடியில வெச்சுக்கினு, வாய் ஓயாம ஜெபிச்சுக்கினே வந்தாங்க. அந்த வண்டியில மீன் வாசனையும் அவங்க ஜெபமும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு.

பொன்னேரி அரசு ஆஸ்பத்திரியில பார்த்த ஒடனே ஊசி போட்டு, அவங்க ஆம்புலன்சுலயே சென்னைக்கு அனுப்பிட்டாங்க. பிரிசி அங்க வந்து சேந்துக்கினா. பெரிய ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர்ல படுத்துக் கெடந்தேன். மேல ஒரு மொகம் குனிஞ்சு பார்த்துச்சு. அதே டாக்டரம்மா. அன்னிக்கி அவங்க முறையே இல்லையாம். மழையில வர முடியாத ஒருத்தருக்குப் பதிலா வந்திருந்தாங்களாம். எனக்கு இது அப்புறம்தான் தெரியும்.

என்னைப் பார்த்ததும் அவங்களுக்கு ஞாபகம் வந்துடுச்சு. நான் சொன்னேனேன்னு ஒரு வார்த்தை கேக்கலை. முட்டியில ஊசி விட்டு இழுத்தாங்க. குழாயில வந்ததை நானும் பார்த்தேன். மஞ்சளா, கெட்டியா, சீழு.

"மூட்டுக்குள்ள கிருமி போயிருக்கும்மா. இன்னிக்கே தொறந்து கழுவணும். தள்ளிப்போட முடியாது. ரத்தத்துல கலக்க ஆரம்பிச்சிருச்சு."

"காலை எடுத்துடுவீங்களா?"

அவங்க என் பக்கத்துல குனிஞ்சு, "எடுக்காம இருக்கத்தான் இப்ப கழுவறோம். நான் உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். உறுதி குடுக்க முடியாது. ஆனா லேட்டானா ரெண்டுமே என் கையில இருக்காது, உங்க காலும் உசிரும்"னாங்க.

கையெழுத்துப் போடச் சொல்லி பேனாவைக் குடுத்தாங்க. என் கை மூடிக்கிச்சு. தொறக்கவே இல்லை. பிரிசி, "எம்மா, போடும்மா, உன் கால்ல விழறேன்"னு அழுவுது. நான் தலையை ஆட்டறேன். அப்ப எங்க வூட்டுக்காரரு கிட்ட வந்தாரு. மழையில நனைஞ்ச சட்டை இன்னும் காயலை. அவரு அதிகம் பேசற ஆளு இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.

"மே, இங்க பாரு. காலு போனாலும் போவட்டும். நான் தூக்கிக்கினு போறேன். நீ வந்தா போதும்மே."

நான் கண்ணை மூடினேன். எத்தனையோ மாசமா சொல்லிக்கினு இருந்த அந்த ஜெபம் வாய் வரைக்கும் வந்துச்சு. கத்தி படக்கூடாதுன்னு. இந்தத் தடவை அதை முழுங்கிட்டேன். முழுங்கினதுக்கப்புறம் எனக்குள்ள பயத்தைத் தவிர வேற ஒண்ணுமே இல்லை. அதையே சொன்னேன். "ஆண்டவரே, பயமா இருக்கு. ரொம்ப பயமா இருக்கு. கூட வா." அவ்வளவுதான் என் ஜெபம்.

பெரிய சமாதானம் வந்துச்சுன்னு சொல்ல ஆசைதான். வரலைங்க. பயம் போகலை. ஆனா கை தொறந்துச்சு. பயத்தோடயே கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணல் மாணலா இருந்துச்சு. நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் வந்த நிமிஷம் எதுன்னு யாராவது கேட்டா, அதுதான். அதுவரைக்கும் ஆண்டவரு ஒரு வண்டியில யூசுப் பாயா வந்தாரு, ஒரு கையில பாஸ்டரம்மாவா வந்தாரு. அந்த நிமிஷம் என் கைக்குள்ளயே வந்தாரு.

முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போக வெச்சாங்க. கண்ணு முழிச்சுக்கினுதான் இருந்தேன். நடுவுல பச்சைத் துணி கட்டியிருந்தாங்க. அந்தப் பக்கம் இன்னா நடக்குதுன்னு தெரியாது. தண்ணி ஊத்தற சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஊத்தறாங்க, ஊத்தறாங்க, ஊத்திக்கினே இருக்காங்க. தலைமாட்டுல நின்ன நர்சம்மா என் கையைப் புடிச்சிருந்தாங்க. அவங்க பேரு கேக்கலை. கழுத்துல சிலுவையும் இல்லை, நெத்தியில பொட்டும் இல்லை, மாஸ்க் போட்ட கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. நான் நடுவுல நடுவுல, "காலு இருக்கா?"ன்னு கேட்டுக்கினே இருந்தேன். "இருக்கும்மா"ன்னு அவங்களும் அலுக்காம சொன்னாங்க. நான் நம்பலை. நைனாகிட்டயும் இப்படித்தானே சொல்லியிருப்பாங்க.

வார்டுக்குக் கொண்டு வந்து போட்டாங்க. மேல போர்வை. இடுப்புக்குக் கீழே ஒண்ணுமே தெரியலை. அசைக்கச் சொன்னா அசையலை. அங்க எதுவுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சு போச்சு. எடுத்துட்டாங்க. யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நான் அழக்கூட இல்லை. கூரையைப் பார்த்துக்கினு கெடந்தேன்.

எங்க வூட்டுக்காரரு வந்தாரு. நான் போர்வையைக் காட்டினேன். அவருக்குப் புரிஞ்சு போச்சு. கால்மாட்டுக்குப் போயி போர்வையை ஒதுக்கி, ரெண்டு கையாலயும் என் பாதத்தைத் தூக்கிக் காட்டினாரு. பெரிய கட்டு போட்ட காலு. அதுக்குக் கீழே அஞ்சு விரலு. மெட்டியைக் கழட்டின எடத்துல வெள்ளையா ஒரு வளையம்.

"பாரு மே. உன் விரலுதான். எண்ணிக்கோ."

அப்பதான் அழுதேன். அந்த வார்டே திரும்பிப் பார்த்துச்சு.

அதோட முடியலை. இன்னொரு தடவை தொறந்து கழுவினாங்க. வாரக்கணக்கா நரம்புல மருந்து ஏத்தினாங்க. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் நான் பயந்தேன். பக்கத்துக் கட்டில்ல வள்ளியம்மான்னு ஒரு அம்மா, உள்ளே நெல்லு வெளையற ஊருக்காரங்க. மூட்டு மாத்தற ஆபரேஷன் பண்ணிக்கினு வந்தவங்க. மறுநாளே அவங்களை நிக்க வெச்சு, கம்பி வண்டியைப் புடிச்சுக்கினு நடக்க வெச்சாங்க. என் கட்டிலைத் தாண்டிப் போகும்போது, "வலிக்குதுடி யம்மா, ஆனா காலு இருக்குது பாரு"ன்னு தட்டிக் காட்டிட்டுப் போவாங்க. அவங்க கோயில் துன்னூறைக் காயிதத்துல மடிச்சு என் தலையணைக்குக் கீழே வெச்சாங்க. நான் அதை எடுத்துப் போடலை. அவங்க அன்பா வெச்சது.

கிருமி எங்க இருந்து வந்துச்சுன்னு டாக்டரம்மாவைக் கேட்டேன். "இப்ப உறுதியா சொல்ல முடியாதும்மா. ஊசி போகும்போது போயிருக்கலாம்"னாங்க. அந்த வைத்தியத்தைப் பத்தியும் கேட்டேன். "நாளைக்கு அது நல்லபடியா நிரூபணம் ஆகலாம். ஆராய்ச்சி பண்றவங்க பண்ணிக்கினுதான் இருக்காங்க. ஆனா இன்னிக்கி உங்க முட்டிக்கு அது மருந்து இல்லை"ன்னாங்க. நான் படிக்காதவ. அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன். நான் அன்னிக்கிச் சொன்ன சாட்சியைக் கேட்டுட்டு யாராவது அந்த எடத்துக்குப் போலாம்னு நெனச்சிருந்தா, தயவு பண்ணி மொதல்ல ஒரு நல்ல எலும்பு டாக்டரை நேரா கேளுங்க. வீடியோவைக் கேக்காதீங்க. ஆண்டவரு எழுதி அனுப்பினாருன்னு நான் நெனச்சது, என் பயம் எழுதினது.

கிருமி சுத்தமா போச்சுன்னு தெரியற வரைக்கும் மாசக்கணக்கா காத்திருந்தோம். வெயில் காலத்துல டாக்டரம்மா கூப்பிட்டு, இனிமே மூட்டு மாத்தலாம்னாங்க. இந்தத் தடவை யாரும் என்னைப் பாயில தூக்கலை. எங்க வூட்டுக்காரரு கையைப் புடிச்சுக்கினு, நானே நொண்டி நொண்டி பஸ் ஏறினேன். மேசையில படுத்தப்ப பல்லு கிட்டிச்சு. துணிக்கு அந்தப் பக்கம் படகுக்கு ஆப்பு அடிக்கற மாதிரி டொக் டொக்னு சத்தம். அது என் எலும்புன்னு தெரிஞ்சுது. "கூட இரு, கூட இரு"ன்னு அதே ஜெபம்தான். வேற பெரிய ஜெபம் எனக்கு இன்னும் வரலை.

இப்ப பார்க்கறீங்க இல்ல, வலது காலு. நேரா நிக்குது. மடக்கி நீட்டறதுக்குப் பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்லை, பிரிசி என் திட்டையெல்லாம் வாங்கிக்கினுதான் செய்ய வெச்சா. கூடை தூக்கிக்கினு ஊரு ஊரா போறதை விட்டுட்டேன். மார்க்கெட்டுல ஒரு எடம் புடிச்சு, முக்காலி போட்டு உக்காந்து விக்கறேன். முன்னே என்கிட்ட வாங்கின ஊரு ஜனங்க என்னைத் தேடிக்கினு அங்கயே வர்றாங்க. முழங்கால் போட வேணாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அதனால நாற்காலியில உக்காந்துக்கினே ஜெபிக்கறேன். மொதல்ல வெக்கமா இருந்துச்சு. இப்ப இல்லை. அவரு என் பயத்தைக் கேட்டவரு, நாற்காலியைப் பார்த்து மொகம் சுளிக்க மாட்டாரு.

இவ்வளவும் எதுக்கு இன்னிக்கிச் சொல்றேன்னா, இடது காலு பாக்கி இருக்கு. வர்ற திங்கக்கெழமை எனக்குச் சேர்க்கை. செவ்வாக்கெழமை ஆபரேஷன்.

எல்லாம் முடிஞ்சு சொகமானப்புறம் சாட்சி சொல்லலாம்னு பாஸ்டரம்மா சொன்னாங்க. நான்தான் இல்லைம்மா, போறதுக்கு முன்னாடியே சொல்றேன்னேன். போன தடவை சொகம் வந்த சந்தோஷத்துல சொன்னேன். இந்தத் தடவை பயத்துல சொல்றேன். இதுவும் சாட்சிதான்.

உங்கள்ல யாராவது எதையாவது போர்வைக்குள்ள வெச்சு மறைச்சுக்கினு இருப்பீங்க. கட்டியோ, ரத்தமோ, ஆறாத புண்ணோ, எனக்குத் தெரியாது. காட்டுங்க. மொதல்ல அவருகிட்ட காட்டுங்க, அப்புறம் வூட்டுல இருக்கறவங்ககிட்ட காட்டுங்க, அன்னிக்கே டாக்டருகிட்ட காட்டுங்க. தைரியம் வரட்டும்னு காத்திருக்காதீங்க. எனக்கு அது இன்னி வரைக்கும் வரலை. ஆனா கூப்பிட்டப்ப அவரு வந்தாரு. நான் கேட்டதைக் குடுக்கலை, என்னைத் திருப்பிக் குடுத்துட்டாரு, எங்க வூட்டுக்காரருகிட்ட, என் பொண்ணுகிட்ட.

எனக்காக ஜெபிக்கறவங்க, கத்தி படக்கூடாதுன்னு ஜெபிக்காதீங்க. அந்த டாக்டரம்மா கை நல்லா இருக்கணும்னு ஜெபிங்க. திங்கக்கெழமை மொத பஸ்ஸுக்குப் போறேன். பயமும் என் கூடவே ஏறும். ஏறட்டும். அவரு நல்லவரு. நான் போறேன்.